லெக்சிங்டன் போதைப் பண்ணை: விற்றவர்களும் மீண்டவர்களும்

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்ஃபினுக்கு அடிமையானவர்களில் பலர் மருத்துவர் கொடுத்த மருந்தின் வழியாகவே அப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர்கள். நடுத்தரக் குடும்பப் பெண்கள் அவர்களுள் கணிசமாக இருந்தனர், அவர்களைக் குற்றவாளிகளாக எவரும் எண்ணவில்லை. இந்நிலையை மாற்றிய 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் வடிவத்தில் ஒரு வரிச் சட்டமே. அபினிலிருந்தும் கோகோ இலையிலிருந்தும் எடுக்கப்படும் மருந்துகளைக் கையாள்வோர் அரசிடம் பதிவு செய்து வரி கட்ட வேண்டும் என்பதற்கு மேல் அது வெளிப்படையாக அதிகம் கோரவில்லை. ஆனால், அடிமையானவரின் பழக்கத்தை நீட்டிப்பதற்காக மட்டும் மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுப்பது மருத்துவமாகாது என்று 1919ஆம் ஆண்டு வெப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், மருத்துவர்கள் அஞ்சிப் பின்வாங்கினர். நகராட்சிகள் நடத்திவந்த போதை மருந்தகங்களும் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மருந்தகம் மூடப்பட்டதால் பழக்கம் நின்றுவிடவில்லை. கள்ளச் சந்தையில் விலை ஏற ஏற, கூலி வேலை செய்பவர் தம் வருமானத்தில் ஒரு நாளின் தேவையைக்கூட வாங்க இயலாத நிலை வந்தது. அப்போது அவருக்குத் திறந்திருந்த வழிகளுள் ஒன்று, சற்று மிகுதியாக வாங்கித் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் தெருவில் விற்பது. தெருவோரச் சில்லறை விற்பனையாளர் என்ற மனிதர் பெரும்பாலும் இவ்வாறே உருவானார்: சரக்கைக் கடத்தி வந்து பொருள் சேர்த்தவர் அல்லர், விற்றதைத் தாமே உட்கொண்டு தீர்த்த நோயாளி. நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கருதவில்லை. அவ்வேறுபாடு அன்றே உணரப்பட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் சிதையாமல் இருந்திருக்கும் என்று துணிந்து கூறலாம்.

ஹாரிசன் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றவர்களால் கூட்டாட்சிச் சிறைகள் நிரம்பி வழிந்தபோது, பென்சில்வேனியாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டீபன் போர்ட்டர் முன்னெடுத்த சட்டம் 1929இல் நிறைவேறியது. போதை அடிமைகளுக்கென இரண்டு தனி நிலையங்கள் அமைக்க அது வழிசெய்தது. முதலாவது நிலையம் 1935ஆம் ஆண்டு மே மாதம் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு அருகே ஏறக்குறைய 1,000 ஏக்கர் நிலத்தில் திறக்கப்பட்டது. இரண்டாவது 1938இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் அமைந்தது. தொடக்கத்தில் ‘போதைப் பண்ணை’ என்றே அரசு பெயரிட்ட லெக்சிங்டன் நிலையத்தை, உள்ளே இருந்தவர்கள் ‘நார்கோ’ என்று அழைத்தனர். அடிமைப்பழக்கம் குற்ற இயல்பன்று, மனநலம் சார்ந்த நோய் என்று வாதிட்டுவந்த மருத்துவர் லாரன்ஸ் கோல்ப் அதன் முதல் தலைவரானார். தண்டனை பெற்ற கைதிகளும் தாமாகச் சேர்ந்த நோயாளிகளும் அங்கு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். முன்னவர்கள் தண்டனைக்காலம் முடியும்வரை வெளியேற முடியாது, பின்னவர்கள் விரும்பிய நாளில் வெளியேறலாம்.

உள்ளே வருபவர் முதலில் சோதனைக்கு உட்படுத்தப்பட்டுக் குளிப்பாட்டப்பட்டுத் தனிப்பிரிவில் வைக்கப்பட்டார். போதையை நிறுத்தும்போது உடல் காட்டும் எதிர்வினைகளான விலகல் அறிகுறிகளை அளவிட அங்கிருந்த ஆய்வாளர் கிளிஃப்டன் ஹிம்மெல்ஸ்பாக் ஓர் அளவுகோல் வகுத்தார். கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்செறிதல், கண்பாவை விரிதல், வாந்தி என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, மனிதரின் வேதனையை எண்ணாக எழுதும் முறை அது. தொடக்கத்தில் மார்ஃபினின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து அவ்வேதனையைத் தணித்தனர். 1940களின் இறுதியில் மெதடோன் என்னும் செயற்கை மருந்து அவ்விடத்தைப் பிடித்தது. அதன்பின் பால்பண்ணையிலும் வயலிலும் தையற்கூடத்திலும் வேலை இருந்தது. ஜாஸ் கலைஞர்கள் பலர் அங்கு தங்கியிருந்தனர். 1955இல் சேர்ந்த சாக்ஸபோன் மேதை சோனி ராலின்ஸ், ஹெராயினிலிருந்து மீண்டு மேலும் பல பத்தாண்டுகள் மேடையேறினார்.

நிலையத்தின் ஆய்வுப் பிரிவு அறிவியலுக்குப் பெருங்கொடை அளித்தது என்பது உண்மை. அதற்குக் கொடுக்கப்பட்ட விலை வெட்கத்துக்குரியது என்பதும் உண்மை. சோதனைகளுக்கு உடன்பட்ட கைதிகளுக்கு மார்ஃபினே ஊதியமாக வழங்கப்பட்டது. ஹாரிஸ் இஸ்பெல் தலைமையில் நடந்த எல்.எஸ்.டி. சோதனைகளுக்கு அமெரிக்க உளவு நிறுவனம் மறைமுகமாகப் பணம் அளித்தது. இவை 1975ஆம் ஆண்டு செனட் விசாரணைகளில் வெளிவந்தன. நலம் நாடி வந்தவருக்கு நோயையே கூலியாகக் கொடுத்த செயலுக்கு எந்தக் கண்டுபிடிப்பும் ஈடாகாது.

மருத்துவப் பயன் எவ்வளவு என்ற கேள்விக்கு 1962இல் ஹண்ட், ஓடரோஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு கடுமையான விடை தந்தது: லெக்சிங்டனிலிருந்து நியூயார்க் திரும்பிய 1,912 பேரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மீண்டும் பழக்கத்துக்குள் விழுந்திருந்தனர், அதுவும் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள். இதனை நிலையத்தின் முழுத் தோல்வியாகக் கொண்டவர்கள் பலர். ஆயினும் அதே நிலையத்துக்கு 1952இல் முதன்முறையாக வந்த நியூயார்க் ஆண்கள் 100 பேரை ஜார்ஜ் வேலன்ட் என்னும் மனநல மருத்துவர் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது வேறொரு சித்திரம் புலப்பட்டது. அவர்களுள் 23 பேர் இறந்துவிட்டனர். ஆனால், குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் போதையை நிலையாக விட்டிருந்தனர். ஆறாம் மாதத்தில் விழுந்தவர் பத்தாம் ஆண்டில் எழுந்து நிற்கலாம் என்பதையும், மீட்சியை ஒரே முறை சேர்ந்து வெளியேறியதை வைத்து அளப்பது பிழை என்பதையும் அவ்வாய்வு நிறுவியது.

அவர்கள் எவ்வாறு மீண்டனர் என்பதே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி. தாமாகச் சேர்ந்து சில வாரங்களில் வெளியேறியது அரிதாகவே பயன் தந்தது. விடுதலைக்குப் பின்னும் ஓராண்டுக்குக் குறையாமல் நீடித்த பரோல் மேற்பார்வை, அதாவது நிபந்தனையின்பேரில் வெளியே வாழ்பவரை அதிகாரி ஒருவர் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு, மிகுதியும் உதவியிருந்தது. நிலையான வேலையும் புதிய உறவுகளும் துணைநின்றன. மீள முயல்வோர் ஒருவரையொருவர் தாங்கும் குழு 1947இல் லெக்சிங்டனுக்குள்ளேயே தோன்றி, அங்கிருந்து வெளியேறியவர்களால் நியூயார்க்குக்கும் கொண்டுசெல்லப்பட்டது. 1940களில் அங்கு பணியாற்றிய மேரி நைஸ்வாண்டர், பின்னர் வின்சென்ட் டோலுடன் சேர்ந்து, விலகலுக்கு மட்டும் பயன்பட்ட மெதடோனை நாள்தோறும் நிலையான அளவில் கொடுக்கும் சிகிச்சையை 1965இல் அறிவித்தார். முதலில் அறிவிக்கப்பட்ட 22 நோயாளிகளில் பலர் ஹெராயினைத் தேடித் தெருவில் அலைவதை விட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பினர். நாள்தோறும் தேவைப்பட்ட மருந்து மருத்துவமனையிலேயே கிடைத்தபோது அதற்காக விற்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லாமற்போனது.

லெக்சிங்டன் நிலையம் 1974இல் சிறைத்துறையின் கைக்கு மாறியது. அதற்குள் சிகிச்சை, ஊருக்கு வெளியே இருந்த பெரும் பண்ணையை விட்டு, நோயாளிகள் வாழ்ந்த நகரங்களின் மருந்தகங்களுக்கே சென்று சேர்ந்திருந்தது.