வணிகத் தூய டைட்டானியத்தின் தரங்கள்

வேறு உலோகம் எதுவும் வேண்டுமென்றே சேர்க்கப்படாத டைட்டானியம், ஏ.எஸ்.டி.எம். தரநிலைகளில் 1 முதல் 4 வரை நான்கு தரங்களாக வகுக்கப்பட்டுள்ளது. இவற்றை வேறுபடுத்துவது முக்கியமாக ஆக்சிஜன். அதன் உச்ச வரம்பு முதல் தரத்தில் 0.18 விழுக்காடு, நான்காம் தரத்தில் 0.40. இந்தச் சிறு வேறுபாட்டிலேயே குறைந்தபட்ச இழுவலிமை 240 மெகாபாஸ்கலிலிருந்து 550 ஆக உயர்ந்துவிடுகிறது. வளைந்து கொடுக்கும் தன்மை குறைகிறது. எனவே, அச்சில் அழுத்தி உருவாக்கும் வெப்பமாற்றித் தகடுகளுக்கு முதல் தரமும் பல் உள்வைப்புகளுக்கு நான்காம் தரமும் பொருந்தும். கடல்நீர் ஓடும் கண்டென்சர் குழாய் உட்பட ஆலைகளின் பெரும்பாலான தேவைகளுக்கு இரண்டாம் தரமே போதும்.

வலிமை கூடிய தரம் அரிப்பையும் கூடுதலாகத் தாங்கும் என எண்ணக்கூடாது. அதில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சூடான உப்புக்கரைசலில், கேஸ்கட்டின் அடியிலுள்ள இடுக்கில் இரண்டாம் தரம் அரிக்கப்படலாம். அங்கே 0.12 முதல் 0.25 விழுக்காடு பல்லேடியம் கலந்த ஏழாம் தரம் தேவை. விலை மிக அதிகம் என்றாலும் அது வீண்செலவல்ல. உலர்ந்த குளோரினுக்கோ எந்தத் தரமும் ஆகாது, டைட்டானியம் தீப்பற்றிவிடும்.

வெல்டிங்கின்போது ஆர்கான் காப்பு முழுமையாக இருக்க வேண்டும். வெல்டு வெள்ளிபோல் மின்னினால் நல்லது. நீலமோ வெண்பொடியோ தெரிந்தால் காற்று புகுந்து இணைப்பு நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும்.