ஊட்டமற்ற குழந்தையும் சபையின் சுகமளிக்கும் ஊழியமும்

இந்தியத் திருச்சபையின் மருத்துவ ஊழிய வரலாறு பெரும்பாலும் மருத்துவமனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயினும், ஏழைக் குழந்தையின் ஊட்டக்குறைவை மருத்துவமனை மட்டும் நீக்கிவிட இயலாது. படுக்கையில் கிடத்திப் பாலும் மருந்தும் அளித்தால் குழந்தை தேறும். அதே கலங்கிய நீருக்கும் வெறும் பானைக்கும் திரும்பினால் மீண்டும் மெலியும்.

1964ஆம் ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய ஆலோசனைக் கூட்டம், சுகமளிக்கும் ஊழியம் மருத்துவர்க்கு மட்டுமன்று, சபை முழுமைக்கும் உரியது என வலியுறுத்திற்று. இவ்வுண்மை செயலில் விளங்கிய இடங்களுள் ஒன்று மகாராஷ்டிர மாநிலத்தின் ஜாம்கேட். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதியர் 1970இல் அங்குப் பணி தொடங்கினர்.

வறட்சி மிக்க அவ்வட்டாரத்து மக்கள் முதலில் வேண்டியது மருந்தன்று, உணவும் நீருமே. எனவே குழந்தைகளுக்கெனப் பொதுச் சமையற்கூடங்கள் எழுந்தன. குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. தலித் மக்களின் குடியிருப்புகளில் அமைந்த கிணறுகளுக்கு ஏனைய சாதியாரும் வந்து நீர் முகந்தனர்.

செவிலியர் சிற்றூர்களில் தங்கத் தயங்கியபோது, அவ்வவ்வூர்ப் பெண்களே நலப்பணியாளராகப் பயிற்றுவிக்கப்பட்டனர். அவருள் பலர் எழுத்தறியாதவர், பலர் தலித்துகள். அவர்கள் வீடுதோறும் சென்று குழந்தைகளை எடைபோட்டனர். தாய்ப்பாலோடு, வீட்டிலுள்ள தானியத்தையும் பருப்பையும் குழைய வேகவைத்து ஊட்டக் கற்பித்தனர். வயிற்றுப்போக்கின்போது உணவையும் நீரையும் நிறுத்தாமல், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டச் செய்தனர். கடுமையாக நலிந்த குழந்தைக்கு மருத்துவமனை அன்றும் தேவையாயிற்று, இன்றும் தேவையே. ஆனால் அந்நிலைக்குமுன் தடுக்கும் ஆற்றல் ஊரிலேயே உருவாயிற்று.

உலகச் சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட் பணி இடம்பெற்றது. 1979இல் ஆரோளே தம்பதியர்க்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. மேபெல் 1999இலும், ரஜனிகாந்த் 2011இலும் மறைந்தனர்.

இவ்வரலாறு போதகரை நோக்கி ஒரு வினா எழுப்புகிறது. மருத்துவமனைக்கெனக் காணிக்கை சேர்க்கும் நம் சபை, தன் எல்லையிலுள்ள சேரிக் குழந்தையின் எடையை அறியுமா? அக்குழந்தையின் தாயைக் கற்பவளாக மட்டுமன்றிக் கற்பிப்பவளாகவும் ஏற்குமா? யவீருவின் மகளை எழுப்பிய ஆண்டவர் அத்துடன் நின்றுவிடவில்லை. அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி வீட்டாரிடம் கட்டளையிட்டார். சுகமளித்தல் அங்கு உணவில் நிறைவுற்றது. அதைப் பரிமாறும் பொறுப்போ சுற்றி நின்றவர்களிடம் விடப்பட்டது.