வாசகர் போகவில்லை, வரி விளம்பரம் போனது



எதிரணித் தோழி அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க: "அச்சுப் பத்திரிகையை வீழ்த்தியவன் வாசகன்தான். அவன் செல்போனுக்குப் போயிட்டான்"னு. இல்லைங்க ஐயா! எங்க வீட்டுல பேப்பர் வந்தா அப்பா முதல் பக்கம் பார்ப்பார். அம்மா வரி விளம்பரம் பார்ப்பாங்க. வீடு வாடகைக்கு, பழைய பீரோ விற்பனைக்கு, மணமகள் தேவை! அந்த நாலு வரிதான் ஐயா நிருபருக்குச் சம்பளம் கொடுத்துச்சு.

அமெரிக்காவுல நடந்ததைப் பாருங்க. டென்வர் நகரம் தோன்றி ஒரு வருஷம் நிறையறதுக்குள்ள, 1859 ஏப்ரலில் பிறந்த பத்திரிகை ராக்கி மவுண்டன் நியூஸ். 2009 பிப்ரவரி 27-இல் கடைசி இதழ். இன்னும் ரெண்டு மாசம் இருந்திருந்தா 150 வயசு! வாங்க ஆள் இல்லையா? அப்பவும் தினம் 2 லட்சம் பிரதி போச்சுங்க!

பிறகு ஏன் மூடினாங்க? 1995-இல் சான்பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர் ஊர் விசேஷங்களை நண்பர்களுக்கு மின்னஞ்சலில் எழுத ஆரம்பிச்சார். அது கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆச்சு. பெரும்பாலான விளம்பரத்துக்குக் காசே வாங்கலை. பீரோவும் வாடகை வீடும் அங்கே குடிபோயிடுச்சு. 2008 பொருளாதாரச் சரிவு மிச்சத்தையும் முடிச்சுது.

ஆஸ்திரியாவுக்கு வாங்க. வியன்னாவில் 1703-இல் தொடங்கிய வீனர் சைத்துங், அரசுக்குச் சொந்தமான பத்திரிகை. கம்பெனிகள் தங்கள் அறிவிப்பைக் காசு கொடுத்து அதிலே வெளியிடணும்னு சட்டம் இருந்தது. 2023-இல் அந்தச் சட்டத்தை மாத்தினாங்க. வருமானம் போச்சு. அதே வருஷம் ஜூன் 30-ஆம் தேதியோட தினசரி அச்சும் நின்னு போச்சு. இப்போ அது முக்கியமா இணையத்தில்தான்.

"செய்திதான் செல்போன்ல வருதே, என்ன நஷ்டம்?"னு கேப்பீங்க. நகராட்சிக் கூட்டத்துல மூணு மணி நேரம் கொட்டாவியை அடக்கிக்கிட்டு உட்கார்ந்து, ரோடு காண்ட்ராக்ட் யாருக்குப் போச்சுன்னு எழுத ஒரு ஆள் வேணுமே! அவருக்குச் சம்பளம் யார் தர்றது? பீரோ விளம்பரம் இலவசமாச்சு. நிருபரோட நாற்காலி காலியாச்சு. அதுக்குக் கடைசியில விலை கொடுக்கறவங்க நாமதான்.

ஆகவே வாசகனை விடுதலை செய்யுங்கள் என்று நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.