வால்யூம் சொன்ன பொய்

விலை ஏறினால் மட்டும் போதாது, வால்யூமும் சேர்ந்து ஏற வேண்டும். பங்குச்சந்தைக்குள் கால் வைக்கிற எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் பாடம் இது. நிறைய பங்குகள் கைமாறி விலை ஏறினால் நிறைய பேர் வாங்குகிறார்கள், ஏற்றம் நிலைக்கும். கொஞ்சம் பங்குகளே கைமாறினால் அந்த ஏற்றத்தை நம்பக்கூடாது. 1963-ல் அமெரிக்காவின் ஜோசப் கிரான்வில் இதை ஒரு கணக்காகவே ஆக்கிவிட்டார். விலை ஏறிய நாளின் வால்யூமைக் கூட்டு, இறங்கிய நாளின் வால்யூமைக் கழி. வருகிற கோடு மேலே போனால் பெரிய கைகள் வாங்குகின்றன என்று அர்த்தம்.

நல்ல பாடம்தான். ஆனால் இந்தியாவில் இதை நம்பியே பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

1999-2000-ல் கேதன் பாரேக் என்ற மும்பை புரோக்கரின் செல்லப் பங்குகளை 'கே-10' என்று சந்தையில் அழைத்தார்கள். அதில் மூன்று சென்னைக் கம்பெனிகள்: அனிமேஷன் படம் எடுத்த பென்டாமீடியா கிராபிக்ஸ், கம்ப்யூட்டர் வகுப்புகள் நடத்திய எஸ்.எஸ்.ஐ., பிறகு டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர். தாம்பரம், குரோம்பேட்டை பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்துக் கொண்டிருந்த காலம் அது. ஊருக்குத் தெரிந்த பெயர், ஏறுகிற விலை, கூடவே கொழுத்த வால்யூம். சின்ன முதலீட்டாளருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த வால்யூம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். தாம்பரம் மார்க்கெட்டில் இரண்டு கடைக்காரர்கள் ஒரே தக்காளிக் கூடையை நாள் முழுக்க மாற்றி மாற்றி விற்றுக்கொண்டால், கணக்கில் நூறு கூடை விற்றிருக்கும். ஒரு கிலோ கூட எந்த வீட்டுக்கும் போயிருக்காது! முன்பே பேசிவைத்துக்கொண்டு, ஒரே விலையில், ஒரே நேரத்தில் ஒருவர் விற்க இன்னொருவர் வாங்கும் இந்த வட்ட வியாபாரம் நடந்ததைத்தான் செபி விசாரணை கண்டுபிடித்தது.

அன்றைய செட்டில்மென்ட் முறையும் இதற்குத் தோதாக இருந்தது. மும்பை சந்தையில் கணக்கு வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை, தேசியப் பங்குச்சந்தையில் புதன் முதல் செவ்வாய் வரை. ஒன்றில் கெடு முடியும்போது மற்றொன்றுக்குத் தாவலாம். அதுவும் முடியாவிட்டால் 'பட்லா' கட்டணம் கொடுத்து அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். பங்கைக் கையில் வாங்காமலே வால்யூம் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கும்.

2000 பிப்ரவரியில் 5,900-ஐத் தாண்டி முடிந்த சென்செக்ஸ், 2001 மார்ச் இறுதியில் 3,600 அளவுக்கு வந்துவிட்டது. அந்த மாதமே பாரேக் கைதானார். 2003-ல் செபி அவருக்கு 14 ஆண்டு தடை விதித்தது. 2001 ஜூலையில் பட்லா ஒழிந்து, தினசரிக் கணக்கு முடிக்கும் முறை படிப்படியாக வந்தது.

இன்று விவரம் தெரிந்தவர்கள் வால்யூமோடு டெலிவரி சதவீதத்தையும் பார்க்கிறார்கள். கைமாறிய 10 லட்சம் பங்கில் 1 லட்சம்தான் டெலிவரி ஆனது என்றால், மீதி 9 லட்சம் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்றது. அதிலும் ஓட்டை உண்டு. கூட்டாளிகளின் டீமேட் கணக்குகளுக்குள் பங்கு போய் வந்தாலும் அது டெலிவரிதான்.

2016-ல் கிஷோர் அஜ்மேரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பேசிவைத்த வியாபாரத்துக்கு நேரடி சாட்சி இல்லாவிட்டாலும் சூழ்நிலையை வைத்து முடிவு செய்யலாம் என்றது. எதையெல்லாம் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னவற்றில் வாங்கல், விற்றல் ஆர்டர்களுக்கு இடையிலான நேரமும் ஒன்று, வியாபாரத்தின் வால்யூமும் ஒன்று.