கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வல்லத்துக்கு வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினார்.

"சார், நீங்கதான் கம்ப்யூட்டர் நோண்டுற ஆளு. இது எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் வரலாறு. பெரியவங்ககிட்ட கேட்டுக் கேட்டு, காசு கொடுத்து டைப் அடிச்சு வச்சது. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப திறந்தா ஒண்ணும் புரியல. கடைக்காரப் பையன் ஃபைல் கெட்டுப் போச்சு, தூக்கிப் போடுங்கங்கறான்" என்றார்.

திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. "ஃபைல் கெடல சார். ஒரு எழுத்துகூட எங்கேயும் போகல" என்றேன். அவர் நம்பவில்லை.

எனக்கு அது உடனே தெரிந்ததற்குக் காரணம் உண்டு. நானும் அதே இடத்தில் நின்றவன். என் அப்பா விவசாயி. எங்கள் ஏரியில் எந்த மதகுத் தண்ணீர் எந்த நிலத்துக்கு, பஞ்ச காலத்தில் எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள், யார் வீட்டு மாடு யார் களத்தில் போரடித்தது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். 2001-ல் கோடை விடுமுறையில் அவரை உட்காரவைத்துக் கேட்டு நோட்டில் எழுதி, செஞ்சியில் ஒரு கடையில் கொடுத்து டைப் அடித்தேன். நாற்பது பக்கம் வந்தது. 2004-ல் அப்பா போய்விட்டார். நோட்டும் பிரிண்ட் எடுத்த தாளும் பரணில் கரையானுக்குப் போயின. ஃபைல்தான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். 2013-ல் ஆசையாகத் திறந்தால் இதே அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்தான். அப்பாவை இரண்டாவது முறை எடுத்துப் போட்டது போல இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடப் போய்த்தான், தமிழ் கணினிக்குள் வந்த கதையை நான் கற்றுக்கொண்டேன். நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

தமிழை இயந்திரத்தில் ஏற்றுவது முதலிலிருந்தே இடநெருக்கடிப் பிரச்சினைதான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்து. தட்டச்சுப் பொறியில் அத்தனைக்கும் விசை வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, கால், கொம்பு, புள்ளி என்று எழுத்தைப் பிரித்து விசைகளில் அடக்கினார். பிறகு 1978-ல், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. யானைத் தும்பிக்கை மாதிரி எழுதிய 'லை', 'னை' எல்லாம் அப்போதுதான் மாறின. கரும்பலகையில் பழைய 'லை'யைப் போட்டுவிட்டு அழித்து எழுதிய ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

கணினி வந்தபோதும் அதே நெருக்கடி. அந்தக் காலக் கணினிக்கு எழுத்து என்றால் 0 முதல் 255 வரை ஓர் எண், அவ்வளவுதான். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. தமிழுக்கென்று ஊரறிந்த இடம் ஒன்றும் இல்லை. அதனால் எழுத்துரு செய்தவர்கள் ஒரு வேலை செய்தார்கள். அதை நம் ஊர்த் தெருக்கூத்தை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

மேடைக்கு வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். கிரீடமும் புஜகட்டும் கட்டினால் அர்ச்சுனன். அதைப் போலத்தான், கணினி உள்ளே வைத்துக்கொள்வது ஆங்கில எழுத்தின் எண். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் கட்டித் திரைக்கு அனுப்பும். பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி அடிக்க வேண்டும். கணினிக்கு அது ஜேகேபிஓ. பார்ப்பவருக்குத் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கட்டாத ஆள் மேடைக்கு வந்த மாதிரி, வெறும் ஜேகேபிஓ நிற்கும். எங்கள் ஃபைலில் இருந்ததும் அதுபோன்ற ஒரு வேஷம்தான்.

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஒப்பனை. பத்திரிகைக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க, அவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யப் பாடுபட்டவர்கள் பலரும் ஆர்வலர்கள்தான். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று அவர் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம் இன்றும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றிக் காட்டினார். தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்து உமர்தம்பி, தேனீ என்ற எழுத்துருவையும் பழைய எழுத்தைப் புதியதாக மாற்றும் கருவிகளையும் செய்து கொடுத்துவிட்டு 2006-ல் காலமானார்.

இப்படிப்பட்ட ஆர்வலர்கள் ஒன்றுகூடி ஒரே தரம் வேண்டும் என்று பேசினார்கள். இணையத்தில் விவாதித்து 'திஸ்கி' என்று ஒன்றை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி நம் அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. ஒன்றாக்கப் போய் மூன்றானது என்று கேலி செய்யலாம். ஆனால் தமிழ்99-ஐ நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'க' இரண்டு முறை தட்டினால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் யோசித்து அடிக்கிற பேரப்பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

கடைசியில் சிக்கலை அவிழ்த்தது யூனிகோடு. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் ஏற்பாடு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கப்பட்டது. 'த' என்றால் 2980. செஞ்சியிலும் 2980, டொராண்டோவிலும் 2980. வேஷம் எதுவானாலும் ஆள் மாற மாட்டார். ஆனால் ஏட்டில் இருந்தது வீட்டுக்கு வர வருடங்கள் ஆயின. விண்டோஸ் 2000-ல்தான் லதா என்ற யூனிகோடு தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. எக்ஸ்பியில் அதைத் தனியாக இயக்கிவிட வேண்டியிருந்தது. செல்போன்களில் வெகுநாள் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. இன்று காலை வணக்கத்தை ரோஜாப்பூவோடு அனுப்புகிறோமே, அந்தத் தமிழ் அத்தனை தூரம் நடந்து வந்தது.

யூனிகோடு குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. 247 எழுத்துக்கும் தனி இடம் தராமல், உயிருக்கும் ஆய்தத்துக்கும் அகர உயிர்மெய்க்கும் துணைக்குறிகளுக்கும் மட்டும் இடம் தந்ததை அறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற முறையையும் சேர்த்து 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது அரசு ஏற்றுக்கொண்டது. இலக்கணப்படி டேஸ்-16 அழகானது. இருந்தாலும் என் கருத்து இதுதான்: பத்து அழகான பூட்டுக்குப் பத்து சாவி வைத்துக்கொண்டு தொலைப்பதைவிட, சுமாரான ஒரே பூட்டும் எல்லோர் கையிலும் அதன் சாவியும் இருப்பது மேல். அப்பாவின் நாற்பது பக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது.

அந்த நாற்பது பக்கம் திரும்ப வந்தது. என் அக்கா மகன், "மாமா, எழுத்துரு பேரைப் பாருங்க" என்றான். ஃபைலைத் திறந்ததும் மேலே எழுத்துருப் பெட்டியில் பெயர் இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒட்டினோம். அது பழைய எண்ணுக்குப் புதிய எண் போடும். அதோடு, பழைய முறையில் 'கெ' என்பதற்குக் கொம்பு முன்னால், 'க' பின்னால் இருக்கும். யூனிகோடில் 'க' முதலில் வர வேண்டும். அதையும் அதுவே மாற்றி வைக்கும். ஒரு நிமிடத்தில் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்த சர்வே விவரங்கள் மட்டும் தாங்களும் தமிழ் வேஷம் கட்டிக்கொண்டு உளறின. அவற்றைப் பழைய ஃபைலோடு ஒப்பிட்டுக் கையால் திருத்தினேன். ஒரு வாரம் ஆயிற்று. சந்தோஷமான வாரம்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் பக்கம் போனால் திருநாதர் குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். அங்கே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. வட்டெழுத்தின் தொடக்க வடிவம், சுமார் 1,500 வருடம் பழையது. அதை இன்றும் படிக்க முடிகிறது. கல் உறுதியானது என்பது மட்டும் காரணமில்லை. அந்த எழுத்தைப் படிக்கக் கற்றவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஃபைலுக்கும் அது ஒன்றுதான் தேவைப்பட்டது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ராஜாக்களின் வரலாறு பத்திரமாக இருக்கும். ஏரி மதகின் வரலாறும் கோயில் கூத்தின் வரலாறும் நம் வீட்டு பீரோவில், பழைய சிடியில்தான் கிடக்கின்றன. அதனால் சில வார்த்தை. புரியாத ஃபைலை யார் சொன்னாலும் அழிக்காதீர்கள். முதலில் நகல் எடுத்துவிட்டு, எழுத்துருவின் பெயரைத் தாளில் குறித்து வையுங்கள். பழைய பிடிஎஃப் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். குப்பையாக வந்தால் அதுவும் வேஷம்தான். புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். போனைப் பார்த்துப் பேசினால்கூட இப்போது எழுதிக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பத்திரமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு பிரிண்ட் எடுத்து, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள்.

தமிழாசிரியரின் சிடியை அன்று சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டோம். திரையில் முதல் பக்கம் தமிழாக வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தகவல் சொன்ன பெரியவர்களின் பெயர்ப் பட்டியலைச் சத்தமாக வாசித்தார். பதினோரு பேர். "இதுல ஒருத்தர்கூட இப்ப இல்ல சார்" என்றார். பிறகு வெகுநேரம் படித்துக்கொண்டே இருந்தார். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

உங்களிடம் இப்படி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். பகல் பொழுதில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.