சக்கரப் பலகையும் இளம் பெண்களும்: சின்னத்திரைச் சரித்திரம் ஒன்றும் கம்பம் பள்ளத்தாக்கும்

நவீனக் காட்சிக் கலைகளில் பெண்களைப் பற்றிய சித்திரங்கள் எந்த வரிசையில் தோன்றின என்று ஆராய்வோர்க்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். அதுவரை ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட ஒரு காரியத்தில் பெண் இறங்கும்போது, திரை அவளை முதலில் ஓர் அதிசயமாகக் காட்டுகிறது. பின்னர்த் தடைகளோடு போராடித் துன்புறுகிறவளாகக் காட்டுகிறது. நெடுங்காலம் கழிந்த பிறகே, தோழியரோடு கூடி வீதியில் சிரித்துத் திரிகிற சாதாரண மனுஷியாகக் காட்டத் துணிகிறது. ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகையில் ஏறித் திரியும் இளம் பெண்களை நாயகியராக்கி, அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2020ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று ஒளிபரப்பத் தொடங்கிய, ‘பெட்டி’ என்னும் பெண்பெயர் தாங்கிய நகைச்சுவைத் தொடர் அந்தக் கடைசிப் படியைச் சேர்ந்தது. அந்தப் படிக்கு அவர்கள் வந்து சேர்ந்த விதத்தையும், நம் தேசம் எந்தப் படியில் நிற்கிறது என்பதையும், தேனிச் சீமைக்கு இதில் என்ன சம்பந்தம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சக்கரப் பலகையின் பிறப்பு எளிமையானது. கலிபோர்னியாக் கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடியவர்கள், அலை எழாத நாட்களில், உருள்காலணியின் சக்கரங்களைக் கழற்றிப் பலகையில் அறைந்து தரையில் சறுக்கத் தொடங்கினார்கள். கம்பத்திலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகளைக் கேட்டு வாங்கிவந்து, பலகைக்கடியில் பூட்டி, இறக்கமான தெருவில் உருட்டிவிடும் பேரிங் வண்டியை அறியாத பிள்ளைகள் நம் ஊர்களில் இல்லை. கருவியைப் பொறுத்தவரை இரு தேசத்துக் குழந்தைகளின் புத்தியும் ஒன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் நம் தெருக்களில் அந்த வண்டியின் மேல் அமர்ந்தவன் பெரும்பாலும் பையனே. அவன் தங்கை திண்ணையிலிருந்து பார்த்திருந்தாள்.

1965ஆம் ஆண்டு மே மாதம் ‘லைஃப்’ பத்திரிகையின் அட்டையில், ஓடும் பலகையின்மேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் பாட்டி மெக்கீ என்ற இளம் பெண்ணின் படம் வெளிவந்தது. முந்தைய ஆண்டிலேயே தேசியப் பட்டம் பெற்ற வீராங்கனை அவர். எனினும் அப்படம் அவரை ஒரு வேடிக்கையாகவே உலகத்துக்கு அறிமுகம் செய்தது. 1970களில் களிமண் சக்கரம் போய் யூரித்தேன் சக்கரம் வந்ததும் விளையாட்டு வேகம் பெற்றது. வறட்சியால் நீரிழந்த நீச்சல் குளங்களின் வளைந்த சுவர்கள் அதற்குப் புதிய களமாயின. அக்காலத்தில் புகழ்பெற்ற ஸெஃபிர் குழுவில் பெகி ஓகி என்ற ஒரே ஒரு பெண்தான் இடம்பெற்றிருந்தார். அதன் பிறகு ஏறக்குறைய முப்பதாண்டுகள், பெண்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்றாலும், புகைப்படக் கருவியின் முகம் அவர்கள் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

இந்நிலை மாறியதற்குக் காரணம் ஒரு ரயில் பயணம். இயக்குநர் கிரிஸ்டல் மோஸெல், நியூயார்க் நகரத்து ரயிலில் சக்கரப் பலகையும் கையுமாக உரத்துப் பேசிக்கொண்டு வந்த பெண்களைக் கண்டு, அவர்களோடு சிநேகம் பூண்டு, 2016இல் ஒரு குறும்படமும், 2018இல் ‘ஸ்கேட் கிச்சன்’ என்ற முழுநீளப் படமும் எடுத்தார். அவற்றில் நடித்தவர்கள் அந்தப் பெண்களே. ‘பெட்டி’ தொடர் அப்படத்தின் வழித்தோன்றலாகும். ரேச்சல் வின்பர்க், நீனா மொரான், டீடீ லவ்லேஸ், கப்ரீனா ஆடம்ஸ், அஜானி ரஸ்ஸல் என்ற ஐவரும் தாங்கள் அன்றாடம் உருண்டு திரியும் வீதிகளில், தங்கள் பேச்சு வழக்கிலேயே, தங்களையொத்த பாத்திரங்களை ஏற்றார்கள். பெண்களுக்கென்றே ஒரு நாள் சறுக்கு விளையாட்டு நடத்தலாம் என்று இருவர் ஊருக்கெல்லாம் அழைப்பு விடுப்பதில் கதை தொடங்குகிறது. ஆண்கள் மொய்த்துக் கிடக்கும் மைதானத்தில் இடம் பிடிப்பது ஒரு பிரச்சினைதான். ஆனால் கதையின் உயிர் அதில் இல்லை. காணாமற்போன ஒரு பையைத் தேடுவது, காதலில் இடறுவது, நண்பன்மீது புகார் எழும்போது யார் பக்கம் நிற்பதென்று குழம்புவது, விழுவது, எழுவது, மறுபடியும் சிரிப்பது என்று அது செல்கிறது. பெண் வீதியில் இருப்பதற்கு ஒரு நியாயம் கற்பிக்க வேண்டும் என்ற கவலையே இத்தொடருக்கு இல்லை என்பதைத்தான் அதன் தலையாய சாதனையாக நாம் மதிக்கிறோம். பருவத்துக்கு ஆறு பாகமாக இரண்டு பருவங்கள் ஓடி, 2021இல் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்று, பெண்களுக்கான வீதிப் பிரிவில் ஜப்பானின் மோமிஜி நிஷியா தம் பதின்மூன்றாம் வயதில் தங்கம் வென்றார்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். பெங்களூரில் அதிதா வர்கீஸ் என்ற இளம் பெண் தாம் கற்றதோடு நில்லாமல் ‘கேர்ள் ஸ்கேட் இந்தியா’ என்ற பெயரில் பிற பெண்களையும் திரட்டினார். மத்தியப் பிரதேசத்துப் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் உல்ரிக் ரெய்ன்ஹார்ட் என்ற ஜெர்மானிய மாது 2015இல் ஒரு சறுக்குத் தளம் அமைத்து, பள்ளிக்கு வராதவர்களுக்குப் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம் என்ற இரு விதிகளை வகுத்தார். அக்கிராமத்து ஆஷா கோண்ட் 2018இல் சீனத்து நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். திரையில் இதன் பிரதிபலிப்பு வரிசையாகவே வந்தது. பெங்களூர்ப் பெண்களை வைத்து 2016இல் ஓர் ஆங்கிலப் பாடற்குழுவுக்குக் காட்சிப்படம் எடுத்த சாஷா ரெயின்போ, பின்னர் நம் மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியையும், இல்லறக் கொடுமையிலிருந்து விலகித் தனித்து நின்று அவளை வளர்த்த தாயையும் பற்றி ‘கமலி’ என்ற குறும்படத்தை உருவாக்கினார். 2020இல் அது பிரிட்டிஷ் குறும்படத்துக்கான பாஃப்டா விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2021 ஜூன் மாதத்தில் மஞ்சரி மக்கிஜனியின் ‘ஸ்கேட்டர் கேர்ள்’ நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. உதயப்பூரை அடுத்த கேம்பூர் கிராமத்தில் படப்பிடிப்புக்கென்று கட்டிய சறுக்குத் தளம் பின்னர் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே விடப்பட்டது.

இவை யாவும் மனத்தை நெகிழச் செய்யும் படைப்புகள். எனினும் கமலியின் கதை தாயின் துயரத்தின்மேல் எழுந்தது. கேம்பூர்க் கதையில் பால்ய விவாக ஏற்பாடும் வறுமையும் வழிமறிக்கின்றன. ஆகவே நாம் இன்னும் இரண்டாம் படியிலேயே நிற்கிறோம் என்பது எம் அபிப்பிராயம். துன்பத்தைச் சொல்லாமல் சிரிப்புக்குத் தாவ முடியாது என்பதும் உண்மையே.

அந்தத் துன்பத்தைச் சொன்ன சரித்திரத்தில் தேனிக்கு முக்கிய ஸ்தானம் உண்டு. அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1977இல் ‘16 வயதினிலே’ எடுத்தபோது, ஸ்டூடியோவில் கட்டிய கிராமத்தை விட்டுக் காமிராவை மெய்யான மண்ணுக்குக் கொண்டுசென்றார். கண்ணுக்குத் தெரிந்த மண் கருநாடகத்துக் கொள்ளேகால் பக்கம். காதில் விழுந்த பேச்சோ இந்தச் சீமையுடையது. ஆசிரியை ஆக வேண்டுமென்ற நாயகி மயிலின் ஆசை அப்படத்தில் ஈடேறவில்லை. அவரே 1994இல் பெண்சிசுக் கொலையைப் பொருளாகக் கொண்டு எடுத்த ‘கருத்தம்மா’, குடும்பநலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பெண்சிசுக்களைக் காக்கவென்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் தேனியும் ஒன்று என்பதிலிருந்து, அந்தப் படம் கற்பனையிலிருந்து எழவில்லை என்பது விளங்கும். பெண் பிழைத்திருப்பதே பெரும்பாடாய் இருந்த வீடுகளைப் பற்றி அன்று யாரும் நகைச்சுவை எழுதியிருக்க முடியாது.

ஆனால் அதே காலத்தில்தான் வேறொரு மாறுதலும் தொடங்கிவிட்டது. 1990களின் முற்பகுதியில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் சில ஆண்டுகளில் மேல்நிலை வகுப்பினர் அனைவருக்குமாக விரிந்தது. இன்று பள்ளி விடும் வேளையில் முல்லைப் பெரியாற்று வாய்க்கால் ஓரமாக, திராட்சைப் பந்தல்களையும் வயல்களையும் கடந்து, இருவர் மூவராக வரிசை பிடித்துச் சைக்கிள் மிதித்துச் செல்லும் மாணவியரின் பேச்சும் சிரிப்பும் இந்தச் சரித்திரத்தின் விளைவேயாகும். சக்கரத்தின் மேல் ஏறிய பெண் நம் பள்ளத்தாக்கில் இப்போது அதிசயமும் அல்லள், அனுதாபத்துக்குரியவளும் அல்லள்.

தொலைக்காட்சிதான் அவளை இன்னும் காணவில்லை. கொடைக்கானல் மலைக் கோபுரத்தை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பிவைத்துத் தூர்தர்ஷன் பார்த்த காலம் போய், 2006க்குப் பின் அரசின் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வீடுதோறும் வந்த பிறகும், தமிழ்ச் சின்னத்திரை நகைச்சுவை பெரும்பாலும் வாசற்படிக்கு உள்ளேயே நடந்திருக்கிறது. ‘ரமணி வெர்சஸ் ரமணி’ புருஷன் பெண்சாதியின் பிணக்கை அழகாகச் சொன்னது. ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ மாமியார் மருமகள் உறவைக் கேலி செய்தது. இரண்டும் ரசிக்கத் தக்கவை. இரண்டிலும் பெண் யாரோ ஒருவருக்கு மனைவியாகவோ மருமகளாகவோதான் சிரிக்க வைக்கிறாள்.

சறுக்குத் தளம் கட்டுவதற்கு முன்பே இக்குறையை நிவர்த்தி செய்யலாம். சைக்கிளானாலும் பேரிங் வண்டியானாலும் நாளை வரப்போகும் பலகையானாலும் சக்கரம் சக்கரமே. இந்த மண்ணிலிருந்து சென்று திரைத்தொழில் செய்வோர் பலர் உண்டு. அவர்களுள் யாரேனும் ஒருவர், நியூயார்க் இயக்குநர் செய்தது போலவே, கூடலூரிலோ காமயகவுண்டன்பட்டியிலோ பள்ளி விடுகிற நேரத்தில் நின்று அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்டு, அவர்களையே நடிக்க வைத்து, அழுகையில்லாத ஒரு தொடரை எடுக்க முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.