இதயத்தின் மேல் விழுந்த பழி

காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். இதயத் தசை அழற்சி பலருக்கு இப்படித்தான் தெரிய வருகிறது. காக்ஸாக்கி பி போன்ற வைரஸ் கிருமிகள் முதலில் தசையைத் தாக்குகின்றன. அவற்றை விரட்ட வந்த எதிர்ப்புச் சக்தியே, சிலருக்குக் கிருமி போன பிறகும் சொந்தத் தசையை அரித்துக்கொண்டிருக்கும். வேலியே பயிரை மேயும் கதைதான்.

1997இல் இந்த நோயின் பெயர் மலேசியப் பெற்றோரைக் கதிகலங்க வைத்தது. சரவாக்கில், சிபு நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் கை, கால், வாய்ப்புண் நோய் பரவியது. சாதாரணமாக ஒரு வாரத்தில் ஆறிவிடும் நோய் அது. ஆனால் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் ஏறக்குறைய 30 பிள்ளைகள் இறந்தார்கள். கை கால் சில்லிட்டது. இதயம் தாறுமாறாக ஓடியது. நுரையீரலில் நீர் கோத்தது. சில மணி நேரத்தில் உயிர் போனது. காக்ஸாக்கி கிருமி இதயத்தைத் தாக்கிவிட்டது என்றே முதலில் சந்தேகித்தார்கள். அறிகுறிகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அதே ஆண்டு தீபகற்ப மலேசியாவில் இறந்த நான்கு பிள்ளைகளின் பிரேதப் பரிசோதனை வேறு கதை சொன்னது. அழற்சி இருந்த இடம் மூளைத்தண்டு. மூச்சையும் நாடியையும் ஆளும் அந்த இடத்தை எண்டரோவைரஸ் 71 என்ற கிருமி சிதைத்திருந்தது. ஆட்டியது மூளை, ஆடியது இதயம். பிணத்தை அறுக்க எந்தத் தாய்தான் மனம் ஒப்புவாள்? ஒப்பிய குடும்பங்களுக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது. மறு ஆண்டு தைவானில் அதே கிருமி 78 பேரைப் பலிகொண்டது.

அதே 1998இல் பேராக்கிலும் ஒரு நோய் தவறான பெயரோடு நுழைந்தது. ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்து, நினைவிழந்து இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். சிலரின் இரத்தத்தில் அதன் தடயமும் தென்பட்டது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ரப்பர் தோட்டங்களில் மலேரியாவோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்குக் காய்ச்சல் என்றாலே கொசுதானே! ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. இதற்குள் நோயுற்ற பன்றிகள் லாரி ஏறி, நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போய்விட்டன.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமி புதியது என்று தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

மோசமாக இருந்த நிப்பா நோயாளிகளுக்கும் நாடி எகிறியது, இரத்த அழுத்தம் ஏறியது. காரணம், சிபு பிள்ளைகளைப் போலவே மூளைத்தண்டு. அந்த அறிகுறிகள் தோன்றியவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

கிருமியைச் சுமந்தவை பழந்தின்னி வௌவால்கள். நோய் தொடங்கியதாகக் கருதப்படும் ஈப்போ வட்டாரப் பண்ணையில், பன்றித் தொழுவத்தை ஒட்டியே மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழம் நேரே தொழுவத்துக்குள் விழுந்தது.